உப்புச் சுவருக்குப் பத்துப் போட்டோம்

போன மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், செஞ்சிக் கோட்டையில் நான் விட்டுவந்த வேலையில் இப்போது இருக்கும் கிருபாகரன் ஃபோன் செய்தார். பராமரிப்பு ஃபோர்மேன் என்பது வேலையின் பெயர். கோட்டை விழாமல் பார்த்துக்கொள்வது பொறுப்பு. நான் பார்த்துக்கொண்ட காலத்தில் கோட்டை பெரும்பாலும் தானாகவே விழாமல் இருந்தது. அந்தப் பெருமையை நான் எடுத்துக்கொண்டேன்.

"சார், மேல கிடங்குல மறுபடியும் வெள்ளையா பூக்குது. ஈரம் பாக்கிற மீட்டர் வெச்சேன். மேல் மூலையில வெச்சா கத்துது சார்."

எங்களுக்கு மீட்டர் கிடையாது. சுவரைப் பார்த்துக் கத்த ஃபோர்மேன்தான் இருந்தார்.

"கத்தட்டும்பா. வேற இன்னா?"

"மேலிடத்துல மறுபடியும் பிரிச்சு அடுக்கிடலாம்னு பேசிக்கினு இருக்காங்க சார். போன தடவை நீங்கள்லாம் இன்னாதான் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க. புதுசா வந்த பசங்களும் படிப்பாங்க."

'பிரித்து அடுக்குதல்' என்பது எங்கள் தொல்லியல் துறையின் மங்கலமான சொற்களில் ஒன்று. ஆபத்தான கட்டடத்தின் செங்கற்களுக்கு எண் போட்டு, பத்திரமாகப் பிரித்து, ஓரமாக அடுக்கிவைப்பார்கள், பிறகு கட்டுவதற்காக. அந்தப் 'பிறகு' வந்து நான் பார்த்ததில்லை. எண் மழையில் போகும், செங்கல் எருக்கஞ்செடிக்குள் போகும், கோப்பு மட்டும் இருக்கும். ராஜகிரி மலைமேல் இருக்கும் அந்தச் செங்கல் வளைவுக் கிடங்கு ஒருமுறை அந்தக் கதியிலிருந்து தப்பியது. அதைத்தான் எழுதுகிறேன்.

வேலை கற்ற காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்பு நீற்றக் கற்றேன். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் எந்தப் பக்குவத்தில் சேர வேண்டும் என்று கற்றேன். பக்கத்து மண்டகப்பட்டுக்கு அனுப்பினார்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று ஒரு பல்லவ ராஜா அங்கே கல்லில் பெருமைப்பட்டிருக்கிறான். என்னைப் போன்றவர்களின் பிழைப்பில் முதலில் கை வைத்தவன் அவன்தான். பிறகு செஞ்சிக்கு மாற்றலாகி வந்து, மலை ஏறி இறங்கி முழங்காலைத் தேய்த்தேன். என் நைனா இதே துறைக்கு இதே படிகளில் தலையில் மணல் சுமந்தவர். நான் கையில் டேப் சுமந்தேன். எங்கள் வீட்டில் அதுதான் முன்னேற்றம்.

இப்போது கிடங்கு. பெரிய பாறை ஒன்றில் முதுகைச் சாய்த்துக் கட்டிய நீளமான அறை. உள்ளே வளைந்த கூரை, வெளியே தட்டையான மாடி. அதில் ஜன்னல் இல்லை. கைடு தாமு அதை வெடிமருந்துக் கிடங்கு என்று சொல்லி, கேட்பவர்களின் முகத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு வெடிவிபத்துகளையும் சேர்த்துச் சொல்வான். எனக்கு அது உப்புக் கிடங்கு என்று தோன்றும். கோட்டை என்றவுடன் பீரங்கியைத்தான் நினைக்கிறோம். முற்றுகையில் மாட்டிக்கொண்டு மலைமேல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவன் பீரங்கியையா தின்பான்? பக்கத்தில் நெல் இருக்கிறது, சுனையில் தண்ணீர் இருக்கிறது. உப்பு மட்டும் செஞ்சியில் விளையாது. கிழக்கே மரக்காணத்து உப்பளங்களிலிருந்து மாட்டு முதுகில் பொதியாக வந்திருக்கும். பழைய பாட்டுகளில் உமணர்கள் உப்பை நெல்லுக்கு மாற்றுவதுபோல இங்கேயும் மாற்றியிருப்பார்கள். கோட்டைக்காரன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவலூர்பேட்டைப் பக்கம் மேற்கே விட்டிருப்பான். மாடு அடிவாரத்தில் நின்றுவிடும். அதற்குமேல் யாருடைய நைனாவோ தலையில் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பார்.

இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். தாமு மட்டும்தான் பதில் சொன்னான். "வெடிமருந்துன்னா ஜனம் கிட்ட வந்து நிக்குது சார். உப்புன்னா கடைக்குப் போயிடும்."

சுவருக்கு வருவோம். ஒவ்வொரு கோடையிலும் அது வெள்ளையாகப் பூக்கும். நாங்கள் சுரண்டிவிட்டுப் புதிய சுண்ணாம்புப் பூச்சுப் பூசுவோம். அடுத்த கோடையில் பூச்சு அப்பளம்போல எழுந்து விழும். கூடவே செங்கல்லும் கொஞ்சம் மாவாகக் கொட்டும். இப்படி நாங்கள் பராமரித்துப் பராமரித்தே வளைவைத் தாங்கும் சுவர் ஒரு முழங்கை ஆழத்துக்கு உள்வாங்கிவிட்டது. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் பார்த்தார்கள். மழைக்குள் சரியாகாவிட்டால் பிரித்து அடுக்கிவிட வேண்டும் என்று எழுதினார்கள். சரிசெய்ய ஒரு வேதியியல் அதிகாரியை அனுப்பினார்கள்.

பொன்னரசி மேடம் தூத்துக்குடிக்காரர். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். மேடத்துக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததால் டாக்டர் உப்பை நிறுத்தியிருந்தார். உப்போடு பிறந்து, உப்பில்லாத தயிர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, உப்பை விரட்ட வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். யாரையும் நீங்க என்றுதான் சொல்வார், எங்கள் சித்தாள் முனியம்மாவைக்கூட. முதல் நாள் முனியம்மா திரும்பிப் பார்த்தாள், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

முதல் நாளே நான் என் அறிவைக் காட்டினேன். "மேடம், கடல் காத்து இந்த மலைமேல நேரா அடிக்குது. அதுலதான் உப்பு வருது."

"பார்த்ததா, நினைச்சதா?"

"இன்னா மேடம்?"

"காத்துல உப்பு வந்ததைப் பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

என் உத்தியோக வாழ்க்கையில் முக்கால்வாசி நினைத்ததுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்தக் கேள்வி எங்கள் கூட்டத்தில் ஒட்டிக்கொண்டது. கொத்தனார் ஆரோக்கியசாமி டீ வந்துவிட்டது என்றால், "பார்த்ததா, நினைச்சதா?" என்று முனியம்மா கேட்பாள்.

மேடம் செய்த வேலையைச் சொல்கிறேன். முதலில் பூச்சே கூடாது என்றார். உப்பு உள்ளே இருக்கும்போது பூசினால், ஈரத்தில் அது கரைந்து வெளியே வரும். வெயிலில் காயும்போது பூச்சுக்குப் பின்னால் படிகமாக வளர்ந்து எல்லாவற்றையும் தள்ளும். ஆகவே உப்பை வெளியே எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். எடுக்கும் வழி, வீங்கிய காலுக்குப் பத்துப் போடுவது போலத்தான். காகிதத்தைக் கிழித்து ஊறவைத்து, கூழாக இடித்து, கொஞ்சம் நல்ல களிமண் சேர்த்து, ஈரத்தோடு சுவரில் விரல் கனத்துக்கு அப்ப வேண்டும். சுவரும் கூழும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும், இடையில் காற்று நிற்கக் கூடாது. கூழின் ஈரம் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கும். காயக் காய அந்தத் தண்ணீர் உப்போடு கூழுக்கு வந்துவிடும். முழுக்கக் காய்ந்து ஓரம் தானாக எழும்பும்போது உரித்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் உரித்தால் உப்பு திரும்பி உள்ளே போகும். காய்ந்ததற்கு அப்புறமும் விட்டுவைத்தால் விழுந்து தரையில் சேரும். தரையிலிருந்து மறுபடி சுவருக்கு ஏறும்.

காகிதம் அச்சடிக்காததாக இருக்க வேண்டும், மை கூடாது என்றார். எங்கள் ஆபீசில் எழுத வேண்டியவற்றை எழுதாமல் வைத்திருந்த காகிதம் ஏராளம். வாழ்க்கையில் முதல் தடவையாக அது புண்ணியமாகப் போயிற்று.

தண்ணீர்? ஒவ்வொரு சுனைத் தண்ணீரையும் சோதித்து, மேலே ஒரே ஒரு சுனையை மட்டும் அனுமதித்தார். உரித்த கூழில் ஒரு சிட்டிகை எடுத்துச் சுத்தத் தண்ணீரில் கலக்கி வடிகட்டுவார். அதில் கண்ணாடிக் குப்பியிலிருந்து வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விடுவார். உப்பு இருந்தால் தண்ணீர் பாலாகும். முதல் பத்து உரித்தபோது பசும்பால். அடுத்தது ஓட்டல் பால். அதற்கடுத்தது எங்கள் ஆபீஸ் டீயில் ஊற்றும் பால். பிறகு தெளிந்தது.

முனியம்மா அந்தக் குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்துச் சொன்னாள். "இன்னும் ஒரு வாட்டி பத்துப் போட்டா சொவுரு எழுந்து நடக்கும் மேடம்."

நடக்கவில்லை. அடுத்த வாரம் மேல் மூலையில் வெள்ளை பூத்திருந்தது. சோதித்தால் பசும்பால்.

மறுபடி பத்து. மறுபடி தெளிவு. மறுபடி மேல் மூலை. மழை கிட்டே வந்துகொண்டிருந்தது. மேகம் மத்தியானத்தில் எதிரே கிருஷ்ணகிரி மலைப் பக்கம் கூடிப் பார்த்துவிட்டுக் கலையும். ஆரோக்கியசாமி சாரத்தின் கயிறுகளைத் தினமும் இறுக்கிக் கட்டினார். டீ வந்தபோதும் யாரும் 'பார்த்ததா' என்று கிண்டல் செய்யவில்லை. மேடம் மட்டும் அதே குரலில் பேசினார்.

"சுவர்ல உப்பு கீழேயிருந்து மேலே ஏறும். அடியில காலி பண்ணியாச்சு. இது மேலேயிருந்து கீழே வருது. மேலே என்ன இருக்கு?"

"மாடி மேடம். பாறை. வானம்."

"பார்த்ததா?"



மறுநாள் அவர் கையில் சின்னப் பிளாஸ்டிக் குப்பி ஒன்று இருந்தது. அடிவாரத் தெருவுக்கு வரும் கிராம செவிலியர் வீடு வீடாகச் சமையல் உப்பைச் சோதிக்க வைத்திருப்பது. அயோடின் சேர்த்த உப்பில் ஒரு சொட்டு விட்டால் நீலம் கலந்த ஊதா வரும். அயோடின் இல்லாவிட்டால் நிறம் மாறாது. மேடம் மேல் மூலையிலிருந்து வெள்ளையை உள்ளங்கையில் சுரண்டி எடுத்தார். ஒரு சொட்டு விட்டார்.

ஊதா.

சாரத்தில் நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். மேடம் உள்ளங்கையை என் பக்கம் திருப்பினார்.

"ஃபோர்மேன் சார், இந்தக் கோட்டையை ஆண்டவங்க யாரும் கடையில பாக்கெட் உப்பு வாங்கியிருப்பாங்களா?"

முதலில் நான் சிரித்தேன். பிறகு ஆரோக்கியசாமியைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த கொத்துக்கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனியம்மா கூழைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூழில் பார்க்க ஒன்றுமே இல்லை.

சாரம் வழியாக மாடிக்கு ஏறினோம். மாடி ஓரத்தில், பாறை இடுக்கில், மஞ்சள் பூசிய ஒரு கல் உண்டு. பாறையம்மா என்பார்கள். உடம்பில் மரு வந்தவர்கள் அவளுக்கு உப்பு போடுவார்கள். உப்பு கரைவதுபோல மருவும் கரையும் என்பது நம்பிக்கை. ஆனால் அந்த இடத்துக்கு ஏறுவது கஷ்டம். உடம்பில் மருவும் மனதில் தைரியமும் சேர்ந்து இருப்பவர்கள் மட்டும் எப்போதாவது ஏறியதுண்டு. எங்கள் சாரம் வந்த பிறகு அது அம்மனுக்குப் படிக்கட்டு ஆகிவிட்டது. கல்லைச் சுற்றி உப்பு, ஒரு மூட்டையளவு இருக்கும். மேலே இருந்தது நேற்றுப் போட்டது, அடியில் இருந்தது பனியில் கரைந்து மாடி விரிசலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ரேஷன் பாக்கெட்டுகள் ஒரு கல்லின் கீழே ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. நினைவுச்சின்னத்தில் குப்பை போடக் கூடாது என்று நான்தான் எல்லோரையும் திட்டுவேன்.

"யார் போட்டது?" மேடம் கேட்டார். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் ஒரு பாக்கெட் மேடம்" என்றார் ஆரோக்கியசாமி.

"உங்களுக்கு மருவா?"

"இல்ல மேடம். சொவுத்துக்கு."

"சுவருக்கா?"

முனியம்மா முன்னால் வந்தாள். "உப்பு வாங்கிக்கிற தாயி அவ. சொவுத்துல இருக்கிற உப்ப எடுத்துக்கோ ஆத்தா, உனக்குப் பதிலுக்கு நல்ல உப்பு தரேன்னு நான்தான் வேண்டிக்கினேன். எல்லாரும் போட்டாங்க. கெடங்கப் பிரிச்சுட்டா அப்புறம் திருப்பிக் கட்றது ஏது? கொத்தனாரு வேதக்காரரு, அவரும் போட்டாரு."

"எங்க மாதா கோயில்லயும் உப்பு மொளகு வாங்கிக்குவாங்க மேடம்" என்றார் ஆரோக்கியசாமி. "இது பக்கத்துல இருந்திச்சி."

நாங்கள் கீழே உப்பை உறிஞ்சி எடுக்க எடுக்க, மேலே அதே கைகள் உப்பை ஊற்றிக்கொண்டிருந்தன, அந்தச் சுவர் பிழைக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக. அது போதாதென்று முனியம்மா என்னைப் பார்த்தாள்.

"உங்க வீட்லயும் ரெண்டு பாக்கெட் குடுத்து உட்டாங்க சார். உங்க பேரச் சொல்லிப் போடச் சொன்னாங்க."

மேடம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதையும் முதுகுப் பக்கமாகத்தான் பார்த்தேன்.

அங்கே வேலி கட்டிப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கைப் பலகை வைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். எங்கள் துறைக்குத் தெரிந்த ஒரே மந்திரம் அதுதான். மேடம் கேட்கவில்லை. உப்பின் நடுவில் முனியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முனியம்மா, உப்பை இங்கேதான் போடணுமா?"

"கரையணும் மேடம். அதான் கணக்கு. கரைஞ்சா போதும்."

"எங்கே கரைஞ்சாலும்?"

முனியம்மா யோசித்தாள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கடைசியில் சொன்னாள். "அவகிட்ட சொல்லிட்டுப் போட்டா எங்க கரைஞ்சாலும் அவளுக்குத்தான்."

"அப்போ சொல்லிடுங்க."

முனியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்கு எதிரே நின்றாள். கும்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் குழாய்ச் சண்டைக்கு நிற்பதுபோல நின்றாள்.

"த பாரு. நாங்க ஆசையா போட்டோம், நீயும் வாங்கிக்கினே. இல்லன்னு சொல்லல. ஆனா நீ வாங்கி எங்க வெச்சிருக்கே, கீழ எங்க தலமேல வெச்சிருக்கே. இனிமே உன் உப்பு அடிவாரத்துல, கேட்டுப் பக்கத்துப் பாறைக் குழியில. தண்ணி நிக்குது, நல்லா கரையும். கெழவிங்க இவ்ளோ தூரம் ஏற வேணாம். பூவும் மஞ்சளும் இங்க வந்துரும். கோச்சுக்காதே. கோச்சுக்கினாலும் அங்கதான்."

தீர்ப்பு அவ்வளவுதான். உப்பைக் கூடையில் அள்ளிக் கீழே கொண்டுபோனோம். மலை ஏறாமலே வேண்டுதல் முடியும் என்ற செய்தி எந்தத் தண்டோராவும் இல்லாமல் ஊர் முழுக்கப் போயிற்று. முழங்கால் உள்ள பக்தர்கள் எல்லோரும் முனியம்மாவை வாழ்த்தினார்கள். பாறைக் குழியின் ஓரத்தை ஆடுகள் நக்கிப் பளபளவென்று வைத்திருந்தன.

மாடி விரிசலைக் கழுவி அடைத்தோம். மேல் மூலைக்குக் கடைசியாக ஒரு பத்துப் போட்டோம். அது காய்வதற்குள் மழை வந்துவிட்டால் எல்லாம் போயிற்று. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியசாமி அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டார். கூழின் ஓரம் எழும்பியது. உரித்தோம், சொட்டு விட்டோம், தெளிந்த தண்ணீர். அதற்கப்புறம்தான் மேடம் சுண்ணாம்பைத் தொட விட்டார். உள்வாங்கிய இடத்தில் செங்கல் வைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, ஈரச் சாக்கு போர்த்தி முடித்தபோது காற்று மாறிவிட்டது.

மழை விடாமல் பெய்தது. வழி வழுக்கும் என்று மலைக்கு யாரையும் விடவில்லை. விட்ட அன்றைக்கு நாங்கள் நான்கு பேரும் ஏறினோம். பேசாமல் ஏறியதால் எனக்கு மூச்சு வாங்கவில்லை, அல்லது வாங்கியதை யாரும் கவனிக்கவில்லை. வளைவு அப்படியே நின்றது. உள்ளே போய் மேல் மூலையில் கையை வைத்தேன். ஈரம் இருந்தது, வெள்ளை இல்லை. மேடம் சொட்டு விட்டுப் பார்த்தார். தெளிந்தே இருந்த குப்பியை என்னிடம் நீட்டினார்.

"பார்த்துக்கோங்க" என்றார். "நினைக்காதீங்க."

பிரித்து அடுக்கும் உத்தரவை மேலிடம் நிறுத்திவைத்தது. ரத்து செய்யவில்லை. எங்கள் துறையில் எதையும் ரத்து செய்வதில்லை.

போவதற்கு முன் மேடம் இன்னொன்றும் செய்தார். சுவரின் அடிப்பாகத்தில், பாறையம்மாவின் உப்பு எட்டாத ஆழத்தில் துளைபோட்டு மாவு எடுத்தார். ஒரு பங்கில் வெள்ளி நைட்ரேட் விட்டார், கெட்டிப் பால். மறு பங்கில் செவிலியரின் சொட்டை விட்டார், நிறமே மாறவில்லை. சாப்பாட்டு உப்பு, ஆனால் பாக்கெட் உப்பு இல்லை. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் பெயருக்குக்கூட இல்லை என்று பிறகு சோதனைச்சாலையில் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அப்போ உப்புக் கிடங்குதானே மேடம்? நான் அப்பவே நினைச்சேன்."

"இது சாட்சி. தீர்ப்பு இல்ல. அயோடின் நாளாக ஆகப் போயிடும்னும் சொல்வாங்க. ஆனா இவ்வளவு ஆழத்துல, சுவர் முழுக்க, வேற எப்படி வந்திருக்கும்னு எனக்குத் தோணல." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க நினைச்சது இந்த ஒரு தடவை பரவாயில்ல."

என் பணிப் பதிவேட்டில் இல்லாத பாராட்டு அது. தாமு ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை. பிறகு, முற்றுகையில் உப்பு தீர்ந்துபோன வீரர்கள் இந்தச் சுவரை நக்கினார்கள் என்று சொல்லத் தொடங்கினான். கூட்டம் முன்பைவிடக் கிட்டே வந்து நின்றது.

இவ்வளவையும் கிருபாகரனுக்கு ஃபோனிலேயே சொன்னேன். எழுதுவதைவிட வேகமாகச் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப மறுபடியும் ஜனங்க மாடியில உப்பு போடறாங்க சார். அதான்."

"பார்த்ததா, நினைச்சதா?"

அவர் ஃபோனை வைத்துவிட்டார். மத்தியானம் மறுபடி கூப்பிட்டார். காற்றுச் சத்தம் கேட்டது, மேலே நின்று பேசினார்.

"மாடியில ஒரு கல்லு உப்புகூட இல்ல சார். கல்லுக்கு மஞ்சள் இருக்குது, நேத்து வெச்ச பூ இருக்குது. அவ்ளோதான். நர்ஸம்மாகிட்ட சொட்டு மருந்து வாங்கி மூலையில விட்டுப் பார்த்தேன். ஊதா வரல."

நான் நாற்காலியில் சாய்ந்தேன். முனியம்மா இப்போது இல்லை. அவள் அன்றைக்கு எதிரே நின்று சொன்னதை அம்மன் கேட்டிருக்கிறாள், ஊரும் கேட்டிருக்கிறது. கேட்காமல் இருப்பது மரக்காணத்து மாடுகள் கொண்டுவந்த பழைய உப்பு மட்டும்தான். நாங்கள் எடுத்தது தோலில் இருந்ததை. வளைவின் எலும்புக்குள் இருந்தது இப்போதுதான் வெளியே வருகிறது.

"அப்ப இது கோட்டைய ஆண்டவங்க காலத்து உப்பா சார்?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"பிரிச்சு அடுக்க வேணாம்ல?"

"எதுக்குப்பா? அதுவே வெளிய வருது. வழி விட்டா போதும்."

"இன்னா பண்ணட்டும் சார்?"

"மையில்லாத பேப்பரா பார்த்துக் கிழிக்க ஆரம்பி" என்றேன்.